வான் பாயும் நாட்களில் ஒரு தூண்டில் தடி

வவுனியாவில் இருந்து மன்னார் வீதியால் வரும் பேருந்து வேப்பங்குளம், நெளுக்குளம் தாண்டிய பிறகு நகரத்தின் இரைச்சல் குறைந்துவிடும். பூவரசங்குளத்தில் நான் இறங்கியபோது மழை விட்டு ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. மார்கழி மாதம். குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் வாழ்வாதார விபரம் எடுப்பதற்காகவே போயிருந்தேன். நான் தேடிப்போன அக்கா வீட்டில் இல்லை. "அம்மா வானடியில" என்றாள் மகள். குளக்கட்டால் நடந்து போனேன். இடது கையில் ஒரு காட்டுத் தடி, அதன் நுனியில் தங்கூசி நூல். 2009இல் கணவரையும், எறிகணைச் சிதறலில் வலது கையின் பலத்தையும் இழந்தவர். செட்டிகுளம் முகாமில் இருந்து வந்த பிறகு கறிக்கு இந்தக் குளத்தைத்தான் நம்பியிருக்கிறார்.

"நல்ல தூண்டில் ஒண்டு தந்தவையாமே அக்கா?"

"தந்தவை பிள்ளை. கூரைக்குள்ள சொருகியிருக்கு. ஒரு கையால தடியைப் பிடிச்சு மற்றக் கையால சுத்த வேணும். எனக்கெங்க மற்றக் கை?"

இறக்கிப் பார்த்தேன். கடற்கரையில் நின்று தூர வீசுவதற்கான நீண்ட, பாரமான தடி, பெரிய சுருள் உருளையுடன். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். கையைப் பற்றிய கேள்விக்குப் படிவத்தில் இடம் இருந்திருக்காது. அப்படியான படிவங்களை நானும் நிரப்பியிருக்கிறேன்.

வான் நீரில் ஏன் மீன் பிடிபடுகிறது என்பதை அக்காதான் விளங்கப்படுத்தினார். புதுவெள்ளம் வந்தால் கெண்டை நீரை எதிர்த்து ஏறும். கெண்டையின் உறவுக்காரர்கள் உலகெங்கும் உண்டு. இங்கிலாந்தின் திரென்ட், செவேர்ன் ஆறுகளில் வாயருகே நான்கு மீசையுள்ள பார்பல் என்ற மீன் இருக்கிறது. அதுவும் வேகமான நீரில் அடித்தரையைத் தடவித்தான் இரை தேடும். காவிரியில் வாழும் திமில் முதுகு மஹ்சீரும் இந்தக் குடும்பம்தான். அது அழியும் விளிம்பில் உள்ளதாக 2018இல் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பார்பலுக்கு அங்கே பதினொன்று, பன்னிரண்டு அடித் தடி பிடிக்கிறார்கள். எங்கள் வானடிக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை. ஆனால் ஒரு விடயம் பொது: ஓடும் நீரில் இரை அடியில் நிற்க வேண்டும், அதற்கு ஈயம் வேண்டும், அந்த ஈயத்தைத் தூக்கத் தடியின் அடிப்பக்கம் உறுதியாக இருக்க வேண்டும். நுனி மட்டும் வளைய வேண்டும். நுனியும் விறைப்பாக இருந்தால் மீனின் வாய் கிழிந்து தூண்டில் கழன்றுவிடும்.

அடுத்த கிழமை இருவரும் வவுனியாக் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் காட்டியது கார்பன் தடி. இறகு போல இருந்தது. விலையைக் கேட்டதும் திருப்பி வைத்தோம். அது கல்லில் அடிபட்டால் வெடிக்கும், மின்சாரத்தையும் கடத்தும். மின்கம்பி போகும் இடத்தில் அதைத் தூக்கிப் பிடிப்பது உயிராபத்து. அடுத்தது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பைபர் தடி. மலிவு, இலேசில் முறியாது, சற்றுப் பாரம். மூட்டுக்குள் மணல் போனால் இறுகிவிடும் என்பதால் ஒவ்வொரு நாளும் கழுவித் துடைக்க வேண்டும்.

என் எண்ணம் மூங்கில்தான். முற்றிய மெல்லிய மூங்கிலை நிழலில் சில கிழமை காயவிட்டு, வளைவுகளை அனலில் வாட்டி நிமிர்த்தினால் காசே இல்லை. அக்கா சம்மதிக்கவில்லை. "தடியோட போனாலே ஆம்பிளையள் சிரிக்கினம். மகளுக்கும் வெக்கமாம். கடைத் தடியெண்டா தொழில் எண்டு நினைப்பினம்." சமூகவியல் படித்த எனக்கு இது தோன்றாமல் போனது.

எந்தத் தடி என்பதை ஒரு சோதனை தீர்த்தது. இடது கையால் நீட்டிப் பிடித்தபடி நூறு வரை எண்ணச் சொன்னேன். பத்தடித் தடியில் அறுபதிலேயே மணிக்கட்டு நடுங்கியது. எட்டடி பைபர் தடியில், உருளை இல்லாததில், நூறையும் தாண்டி எண்ணினார். கடைக்காரரும் சேர்ந்து எண்ணினார்.

சகோதரிகளே, உருளை இல்லாத தடி வாங்கினால் நூலை நுனியில் மட்டும் கட்டாதீர்கள். தடி நெடுகச் சுற்றிக் கொண்டுவந்து கைப்பிடிக்கு மேலும் ஒரு முடிச்சுப் போடுங்கள். நுனி முறிந்தாலும் மீன் போகாது. கவைத்தடி ஒன்றை ஊன்றி அதில் சாத்தி வைத்தால் ஒரு கைக்கும் ஓய்வு கிடைக்கும். குளத்துக்குப் பொறுப்பான சங்கத்திடம் கேட்டுவிட்டே போடுங்கள். முதலை உள்ள குளமானால் நீருக்குள் இறங்காதீர்கள், கட்டில் நின்றே போடுங்கள்.

கூரைக்குள் இருந்த பெரிய தடியை முல்லைத்தீவில் கடற்றொழில் செய்யும் அக்காவின் உறவினர் முன்பே வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காசில் தடி, நூல், ஈயம் எல்லாம் வாங்கி, மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்தும் வாங்கிக்கொண்டு மூன்று மணி பேருந்தில் ஏறினோம்.