ஐந்தாம் நாளின் ஆசி

தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவின் கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. வான்தீவு, காரைச்சல்லி, உப்புத்தண்ணி, நல்லதண்ணி, முயல்தீவு, குருசடை என்று அவற்றின் பெயர்களைச் சொல்வதிலேயே ஓர் இனிமை உண்டு. கடைசிப் பெயரைக் கேட்கையில் நம்மவர்க்குத் தெருமுனைக் குருசடி நினைவுக்கு வராமற்போகாது. ஆண்டுதோறும் திருநாளன்று வள்ளங்களை மந்திரித்து, அலைமேல் தீர்த்தம் தெளித்து, அத்தோடு கரையிலேயே நின்றுவிடும் எம்போன்ற குருக்கள் பலருக்கு அத்தீவுகள் அடிவானில் ஒரு பச்சைக் கோடு மட்டுமே.

அந்தக் கோட்டை அருகிருந்து காணும் வாய்ப்பு இவ்வாண்டு தவக்காலம் தொடங்குமுன் வாய்த்தது. வாடைக்காற்று ஓய்ந்து கடல் தணிந்திருந்த ஒரு நாள். பங்கைச் சேர்ந்த முதிய சம்மாட்டி ஒருவர் தம் சொந்த ஃபைபர் வள்ளத்தில் எங்களை ஏற்றிக்கொண்டார். குருக்கள் இருவர், அவர், எஞ்சின் பார்க்க அவருடைய மகன் என நால்வராக வேம்பாற்றுக் கரையிலிருந்து இருள் பிரியுமுன் புறப்பட்டோம். வலை ஏற்றவில்லை. வலையின்றி வள்ளம் போவதைக் கண்ட கரைக்காரர்கள் சிரித்தார்கள்.

தீவில் இறங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை, இறங்கவும் கூடாது. 1986ஆம் ஆண்டு முதல் இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலும் தேசியப் பூங்காவாக உள்ளன. கரைப்பக்கம் மூன்றரைப் பாகம், கடற்பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை அதன் எல்லை. சம்மாட்டி ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு ஆழம் பார்த்து, அந்த எல்லைக்கு வெளியிலேயே வள்ளத்தைச் செலுத்தினார்.

உப்புத்தண்ணித் தீவைக் கடந்தபோது சூரியன் எழுந்தது. ஆலாக்கள் கூட்டமாக ஓரிடத்தில் நீரைக் கொத்திக்கொண்டிருந்தன. "அங்கே சாளை ஓடுது சாமி. அதுக்குக் கீழே வேற ஆள் இருக்கும்" என்றார் சம்மாட்டி. சொல்லி முடிக்குமுன் ஓங்கல்கள் வந்தன. ஐந்தா ஏழா என்று எண்ண முடியவில்லை. கறுத்த முதுகுகள் வளைந்து எழுந்து அமிழ்ந்தன. இரண்டு எங்கள் அணியத்துக்கு முன்னால் வந்து, வள்ளம் தள்ளும் நீரில் சறுக்கிச் சறுக்கி ஓடின. அவற்றுக்கு இரையும் இல்லை, வேறு ஆதாயமும் இல்லை. உடன்வந்த இளங்குரு கைப்பேசியில் படம்பிடிக்க முயன்று, வெறும் நீரையே பலமுறை பிடித்தார்.

திருப்பாடல் 104 இல் லிவியத்தானைப் பற்றிய அடி ஒன்று உண்டு. குருமடத்தில் எபிரேயம் படித்த நாள்களில் அது எங்களுக்கு ஒரு புதிராகவே இருந்தது. அவ்விலங்கு கடலில் விளையாடுவதற்காகப் படைக்கப்பட்டதா, கடவுள் அதனோடு விளையாடுவதற்காகப் படைக்கப்பட்டதா? மூலத் தொடர் இரண்டு பொருளும் தரும். உரையாசிரியர்களும் இரண்டு பக்கமும் நின்றார்கள். அணியத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த வேளையில் இரண்டாவது பொருளே எங்களுக்குப் பிடித்திருந்தது.

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். படைத்தலைக் குறிக்கும் 'பாரா' என்னும் தனிச் சிறப்பான வினைச்சொல் அவ்வதிகாரத்தில் மூன்று வசனங்களில்தான் வருகிறது. முதல் வசனத்தில் விண்ணும் மண்ணும். 27 ஆம் வசனத்தில் மனிதர். இடையே 21 ஆம் வசனத்தில் கடலின் மாபெரும் உயிர்கள். அயலினத்தார் தங்கள் தேவர்களின் பகைவராகக் கருதி அஞ்சிய அதே கடல் விலங்குகளை, இவையும் நம் கடவுளின் கைவேலையே என்று விவிலிய ஆசிரியர் அமைதியாக எழுதிவைக்கிறார். அதற்கடுத்த வசனம் இன்னும் வியப்புக்குரியது. விவிலியத்தில் கடவுள் வழங்கும் முதல் ஆசி அங்கேதான் உள்ளது. அது ஐந்தாம் நாளில், மீனுக்கும் பறவைக்கும் வழங்கப்பட்டது. மனிதர் அன்று இன்னும் படைக்கப்படவில்லை. பெருகி நீரை நிரப்பும்படி அவற்றுக்குச் சொன்ன அதே சொற்களைத்தான் மறுநாள் மனிதருக்கும் சொன்னார். நம் மறையுரைகளில் ஆறாம் நாளின் ஆளுகையைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஐந்தாம் நாளின் ஆசியைப் பற்றி எவரும் பேசியதில்லை. மீன்களுக்கு மறையுரை ஆற்றிய புனித அந்தோனியார் ஒருவேளை விதிவிலக்கு.

நல்லதண்ணித் தீவை நெருங்கியபோது எஞ்சினை நிறுத்திவிட்டு நீவாட்டின் போக்கில் மிதந்தோம். பேராமை ஒன்று தலையைத் தூக்கி, மனிதர் பெருமூச்சு விடுவதுபோல் ஓசையோடு மூச்சுவிட்டு, எங்களை ஒரு கணம் பார்த்துவிட்டு இறங்கிற்று. தீவின் கரையோரப் புதர்களுக்குமேல் செம்பருந்து வட்டமிட்டது. ஆவுளியாவைக் காணலாமோ என்று கேட்டோம். சம்மாட்டி தலையசைத்தார். "எங்க தாத்தா காலத்துல பார்த்திருக்கலாம் சாமி."

கடற்பசு என்று நூல்களில் எழுதப்படும் ஆவுளியாவை நம் வாசகர்கள் பலர் கண்டிருக்கமாட்டார்கள். மூன்று மீட்டர் வரை நீளம், 400 கிலோ வரை எடை. ஆழங்குறைந்த கடலில் புல் மேய்ந்து வாழும் பாலூட்டி. நிலத்தில் அதன் நெருங்கிய உறவு யானை. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். சில நிமிடங்களுக்கொருமுறை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். ஆகவே வலையில் சிக்கினால் அது மூழ்கியே சாகும். முன்னாளில் இறைச்சிக்காக அதை வேட்டையாடினார்கள். இன்று சட்டப்படி அது பெருங்குற்றம். 2022 இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது.

குருமட நூலகத்தில் நாங்கள் அறிந்த செய்தி ஒன்றைச் சம்மாட்டியிடம் சொன்னோம். விடுதலைப் பயணத்தில் திருக்கூடாரத்தின் மேற்கவிப்புக்கு 'தகாஷ்' என்னும் விலங்கின் தோல் சொல்லப்படுகிறது. அது இன்ன விலங்கென்று உறுதியில்லை. ஆவுளியாவே என்பாரும் உளர். அதனால்தான் ரூப்பெல் என்னும் செருமானிய அறிஞர் 1834 இல் செங்கடல் ஆவுளியாவுக்குக் கூடாரத்தின் பெயரையே இலத்தீனில் இட்டார். கேட்டுவிட்டுச் சம்மாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு தம் மகனைக் காட்டினார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த இளைஞரின் வலையில் கன்று ஒன்று சிக்கியிருக்கிறது. தாய் அருகிலேயே சுற்றிற்றாம். வலையை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. கன்று பிழைத்தது, வலை போயிற்று. இப்படி விடுவித்தோர்க்கு வனத்துறை வெகுமதி அளித்துப் பாராட்டியது உண்டு. இவரோ எவரிடமும் சொல்லவில்லை. ஆவுளியா என்ற சொல்லை எடுத்தாலே விசாரணை வருமோ என்ற அச்சம். கடன் வாங்கிப் புது வலை முடைந்தார். அக்கடன் இன்னும் அடையவில்லை.

பார்ப்பதற்காகப் படகேறிய எங்களுக்கு அன்றையச் செலவு சம்மாட்டி வாங்க மறுத்த டீசல் பணம் மட்டுமே. அதே உயிர்களை வாழவிடுவதற்கு அந்த இளைஞர் தந்த விலை வேறு. தீவுகளில் பாசி எடுத்துப் பிழைத்த ஏழைப் பெண்கள் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டதும் இக்கணக்கில் சேரும். காவல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முருகைக்கல்லை வெட்டி வெட்டிச் சுண்ணாம்பு நீற்றியதில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகளே நீருக்குள் போய்விட்டன. 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த தனுஷ்கோடிக் கோவிலின் சுவர்களில் அந்த முருகைக்கல்லை இன்றும் காணலாம்; நம் கோவிலும் கடலிலிருந்து எடுத்ததுதான். அழிந்த உயிரினம் தன் இருப்பால் இறைவனுக்குச் செலுத்திய புகழும் அதனோடு நின்றுபோகிறது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் தம் சுற்றுமடலில் எழுதினார். அதை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். ஆயினும் அப்புகழின் செலவு முழுவதையும் ஒரு வலைக்காரன் தலையில் ஏற்றுவது நீதியன்று. வெகுமதிப் பத்திரம் போதாது. அறுத்த வலைக்கு வேறு வலை, கேள்வியில்லாமல், அந்த வாரமே கிடைக்கவேண்டும். பங்கு அன்பியங்கள் இதற்கென ஒரு சிறு நிதி திரட்டினால் என்ன என்று வள்ளத்திலேயே பேச்சு எழுந்தது.

திரும்பும்போது கச்சான் சற்றே வீசத் தொடங்கிற்று. சம்மாட்டி எங்களிடம் கேட்டார்: "வள்ளம் மந்திரிக்கையில வலை நிறையணும்னு செபிக்கிறீங்க சாமி. வலையில வரக்கூடாதது வராம இருக்கணும்னு ஒரு செபம் உங்க புத்தகத்துல இருக்கா?"

எங்கள் கையிலுள்ள சடங்கு நூலில் இல்லை. வரும் ஜூன் 29, இராயப்பர், சின்னப்பர் திருநாளன்று வள்ளங்களை மந்திரிக்கையில் அப்படியொரு மன்றாட்டைச் சேர்ப்பதென முடிவு செய்தோம். வலை நிறையவும் வேண்டும். ஆவுளியா அதில் அகப்படவும் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிக் கேட்பதென்று இளங்குரு கரை வரும் வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சம்மாட்டியின் மகன் இரண்டு இடத்தில் சொல்லைத் திருத்தினார்.