எழுபது வளைவுகளுக்கு மேலே

திருமணப் பத்திரிகை அச்சிடச் செல்வோரிடம் அச்சகத்தார் முதலில் கேட்பது மணமக்களின் பெயரை அன்று. 'தலைப்பில் எந்தத் தெய்வம் துணை?' என்பதே முதற் கேள்வி. பெங்களூரில் வாழும் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர், மூத்த பேரனின் திருமணத்துக்காகச் சென்ற ஆண்டு அச்சகத்தின் படியேறியபோது இந்தக் கேள்விக்கு விடை கூற இயலாமல் நின்றார். பிள்ளையாரின் பெயரைப் போடலாம். எவரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அவருடைய தாயார் ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாதத்தில் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, 'பெரியசாமிக்கு' என்று சொல்லி அரிசிப் பானைக்குள் வைப்பார். அந்தத் துணி இன்றும் அவரது பூஜை அறையில் இருக்கிறது. அதற்குள் ஓட்டைக் காலணாவும், பிற்காலத்து நயா பைசாக்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எந்தப் பெரியசாமி, எந்த ஊரில் என்பதைத் தாயாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றிய காலத்தில் தாயார் இல்லை.

நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் ரயில்வே உத்தியோகம் கிடைத்துப் பம்பாய்க்குப் போன தந்தையார், ஊரை அதிகம் பேசியவர் அல்லர். பேசியதெல்லாம் ஒரு நூலைப் பற்றித்தான். அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகத்தைத் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர் அவர். அதன் ஒவ்வொரு பாடலும் சதுரகிரியில் எழுந்தருளிய இறைவனை அழைத்தே முடியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு குடும்பத்தார் ஒரு முறை விருதுநகர் மாவட்டத்துச் சதுரகிரிக்கு ஏறிச் சுந்தரமகாலிங்கத்தைத் தரிசித்து வந்தார்கள். தரிசனம் நல்லபடியே அமைந்தது. ஆனால் தேடி வந்த இடம் அது இல்லை. சதகம் போற்றும் சதுரகிரி நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. உச்சியில் சமமாக விரிந்து கிடப்பதால் அதற்கும் அப்பெயர் வழங்குகிறது. இரண்டு மலைகளுக்கு ஒரே பெயர் இருந்து இப்படி வழி தவறியவர்கள் இன்னும் எத்தனை பேரோ!

இந்த முறை மகன் ஒரு கேரவன் வண்டியை வாடகைக்கு அமர்த்தினான். படுக்கை இரண்டு, சிறிய அடுப்பு, கழிவறை யாவும் உள்ள வண்டி. அண்டை மாநிலமான கேரளத்தில் 2021-ஆம் ஆண்டு இதற்கென்றே அரசு ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகு, இத்தகைய வண்டிகள் தென்னாட்டுச் சாலைகளில் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. முழங்கால் வலியுள்ள மனைவிக்கு நீண்ட பயணத்தில் இது பெரிய உதவி. 'நம் தாத்தா காலத்துக் கூண்டு வண்டிதானே இது? வைக்கோல் மெத்தைக்குப் பதில் பஞ்சு மெத்தை, அவ்வளவுதான்' என்றார் அந்த அம்மாள். அது உண்மைதான். சட்டி பானை, அரிசி, பருப்பு, குழந்தைகள் அனைத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வழியில் தங்கிப் பொங்கித் தின்று, உறவினர் வீடுகளில் இறங்கி ஏறி, குலதெய்வத்தின் சந்நிதியை அடைவது தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிய பழக்கம் இல்லை.

தை மாதத்தின் இரண்டாம் வாரத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர்க் கணவாய், சேலம் வழியாக ராசிபுரத்தை அடைந்தார்கள். அங்கே சித்தப்பா மகன் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சந்திப்பு. காபி வருவதற்கு முன்பே பேச்சு குலதெய்வத்துக்கு வந்துவிட்டது. 'மலையாவது ஒன்றாவது! நம் சாமி ஊருக்கு வெளியே வேலிக்காட்டில் இருக்கிறது, அண்ணா. வேம்படியில் ஒரு கல், பக்கத்தில் ஒரு வேல். எங்கள் அப்பா காலத்திலிருந்து அங்கேதான் பொங்கல் வைக்கிறோம்' என்றார் தம்பி. பெரியவருக்கு முகம் வாடியது. மஞ்சள் துணியைத் தாயார் முடிந்தது ஒரு வேலிக்காட்டுக் கல்லுக்கா? மறுத்துப் பேசவும் இயலவில்லை. அந்தக் கல்லின் முன் விழுந்து வணங்கி, ஐயத்தோடேயே புறப்பட்டார்.

நாமக்கல்லில் பதினெட்டு அடி உயர ஆஞ்சநேயரும், எதிரே குடைவரையில் நரசிம்மரும் காட்சி தந்தார்கள். அங்கிருந்து சேந்தமங்கலம். அவதூதராக வாழ்ந்த சுயம்பிரகாச சுவாமிகள் அமர்ந்த தத்தகிரி இங்குதான் உள்ளது. ஊரை நெருங்கும்போது தெரியும் நைனாமலையின் உச்சியில் வரதராஜப் பெருமாள் இருக்கிறார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்; புரட்டாசி சனிக்கிழமைகளில் மலையே மனிதத் தலைகளாகத் தெரியும். முழங்கால் வலியுள்ளோர் அடிவாரத்திலிருந்து கும்பிடுவதே நலம்.

சேந்தமங்கலத்தில் தந்தையாரின் கடைசித் தங்கை இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டியவர். கண் மங்கியிருந்தாலும் குரலில் கணீரென்ற தன்மை போகவில்லை. வந்தவர் யார் என்று சொன்னதும் அவர் பெரியவரின் முகத்தை இரு கைகளாலும் தடவிப் பார்த்தார். 'கண்ணு, எங்க அண்ணன் மூக்கு அப்படியே இருக்குது' என்றார். பிறகு மஞ்சள் துணியைக் கையில் கொடுத்தபோது நெடுநேரம் பேசவில்லை.

'இது கொல்லிமலைப் பெரியசாமிக்கு முடிஞ்சது. வேற யாருக்கு முடிவாங்க? காரவள்ளியிலே வண்டியை அவிழ்த்துப் போட்டுட்டு நடந்தே ஏறுவோம், சாமி. முதல்லே அறப்பளீஸ்வரர் கோயில். மீனுக்குப் பொரி போட்டுட்டு, அப்புறம் மாசிக் குன்று. உங்க அப்பனுக்குக் காது குத்தினப்போ உங்க தாத்தா அங்கே ஒரு வேல் நட்டாரு.'

ராசிபுரத்துத் தம்பி சொன்னதைப் பெரியவர் தயங்கித் தயங்கிக் கூறினார். அத்தை சிரித்துவிட்டார். 'அந்தக் கல்லை வெச்சதே எங்க அம்மாதானே! அவங்களுக்குக் கால் விழுந்து போச்சு, மலையேற முடியலே. மலையிலிருந்து பிடிமண் எடுத்தாந்து வேம்படியிலே வெச்சு, இங்கேயே இருந்துக்கோ சாமீன்னு கும்பிட்டாங்க. ரெண்டும் ஒண்ணுதான்.'

பிடிமண் என்னும் இவ்வழக்கத்தை வாசகர்கள் அறிவார்கள். இடம் பெயர்ந்தோரும் இயலாதோரும் மூலத்தலத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைக் கொண்டு வந்து, தாம் வாழும் இடத்தில் தெய்வத்தை நிலைநிறுத்துவார்கள். நாமக்கல், திருச்சி, பெரம்பலூர் பகுதிச் சிற்றூர்கள் பலவற்றில் பெரியசாமி, பெரியண்ணசாமி என்ற பெயர்களில் உள்ள சந்நிதிகள் கொல்லிமலையை நோக்கியே தம் வரலாற்றைச் சொல்கின்றன. சாதி பல, பங்காளி வகையறாக்கள் பல; சாமி ஒருவர். ஆனால் மூன்றாம் தலைமுறைக்கு வேம்படிக் கல் மட்டும் தெரியும், மலை மறந்துவிடும். ராசிபுரத்துத் தம்பி பொய் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்தது பாதிக் கதை.

காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்து காரவள்ளிக்கு வந்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். மேலே சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். 'இந்த நீளத்துக்கு வளைவிலே ரெண்டு தடவை பின்னாலே எடுக்கணும் ஐயா. பெரியவங்களை வெச்சுக்கிட்டு வேண்டாம்' என்றார். முன்னோர் கூண்டு வண்டியை அவிழ்த்த அதே அடிவாரத்தில் கேரவனும் நின்றுவிட்டது. சிறிய வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு ஏறினார்கள். வளைவு ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. இருபதுக்குமேல் காற்று குளிர்கிறது. ஐம்பதுக்குமேல் காது அடைக்கிறது. வயிறு கலங்குவோர் வெறும் வயிற்றிலும் ஏறக்கூடாது, நிறைய உண்டுவிட்டும் ஏறக்கூடாது. முள்ளுக்குறிச்சி வழியாக மற்றொரு சாலையும் இப்போது உள்ளது.

மலையின் மேற்பரப்பு சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கிறது, நிழலில் காபி, சரிவுகளில் அன்னாசி, பலா, மலைவாழை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் வயல்கள் முன்னைவிடக் குறைந்துவிட்டன. வளவந்தி நாடு, வாழவந்தி என்றெல்லாம் பலரும் மாற்றி உச்சரிக்கும் பகுதியும், அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு முதலியனவுமாகப் பதினான்கு நாடுகளாக மலை பிரிந்திருக்கிறது. இங்கு வாழும் மலையாளி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்றும், ஆளுக்கொரு மலையாகக் குடியேறினார்கள் என்றும் கதை சொல்கிறார்கள். பிரிந்த பங்காளிகளின் கதை மலைக்கும் உண்டு.

செம்மேட்டில் குதிரைமேல் வல்வில் ஓரி சிலையாக நிற்கிறான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவன் ஆண்ட மலை இது. ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய அவனது வில்லாற்றலை வன்பரணர் பாடினார். ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு அவனுக்கு விழா எடுக்கிறது. அந்நாட்களில் கூட்டம் மிகுதி. முதியோர் தைக்கும் மாசிக்கும் இடைப்பட்ட நாட்களில் வருவது உத்தமம். சங்கப் புலவர்கள் வியந்த கொல்லிப்பாவையை இன்று மலைமக்கள் எட்டுக்கை அம்மனாக வழிபடுகிறார்கள்.

அறப்பளீஸ்வரர் ஆலயம் உயர்ந்த கோபுரங்களால் மிரட்டும் கோயில் இல்லை. மலைக்காற்றில் நனைந்த கல்மண்டபம், சோழர் காலக் கல்வெட்டுகள், உள்ளே சுயம்பு மூர்த்தி. அப்பர் பெருமான் தம் பதிகத்தில் பெயர் சுட்டிய வைப்புத்தலம் இது. நிலத்தை உழுதவரின் கலப்பை பட்டுக் குருதி பெருகியதாகத் தலபுராணம் கூறும். அந்த வடுவை இலிங்கத்தின் திருமுடியில் இன்றும் அர்ச்சகர் தீபம் காட்டிச் சுட்டுகிறார். அம்பிகை அறம்வளர்த்த நாயகி. அருகே ஓடும் ஐயாற்றில் உள்ள மீன்களை எவரும் பிடிப்பதில்லை. முன்னொரு காலத்தில் அறுத்துச் சமைத்த மீன்கள் இறையருளால் மீண்டும் பொருந்தி நீரில் துள்ளின என்பது ஐதீகம். மீன்களுக்கு உணவிட்ட பின்பே சந்நிதிக்குச் செல்வது மரபு. அத்தை சொன்ன வரிசைப்படி பெரியவரின் மனைவி பொரியைத் தூவினார். தண்ணீர் கறுத்துப் புரண்டது.

இந்த ஐயாறே சிறிது தொலைவில் ஆகாய கங்கையாகச் சுமார் 300 அடி வீழ்கிறது. அடிவரை செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது எளிது, ஏறும்போதுதான் மூச்சு கணக்குக் கேட்கும். அவர்கள் மேலேயே அமர்ந்து ஓசையைக் கேட்டார்கள்.

மறுநாள் காலை மாசிக் குன்று. வேன் நின்ற இடத்திலிருந்து நடை. பேரன் பாட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, பெரியவர் கோலூன்றி ஏறினார். நான்கு இடத்தில் உட்கார்ந்தார்கள். உச்சியில் பெரியசாமியின் சந்நிதி. சுற்றிலும் பக்தர்கள் நேர்ந்து நட்ட வேல்கள். புதியவை மின்னின, பழையவை துருவேறி, சாய்ந்து, ஒன்றையொன்று தாங்கி நின்றன. பெரியவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். எழுத்து இருந்த வேல்களில் அவருடைய தாத்தாவின் பெயர் இல்லை. எழுத்தே இல்லாத வேல்கள்தான் மிகுதி.

பூசாரியிடம் வந்து, 'எங்கள் வேல் எது என்று தெரியவில்லை' என்றார்.

'தொண்ணூறு வருஷத்து இரும்பு மழையிலே நிக்குமாங்க ஐயா? மண்ணாப் போயிருக்கும். இந்த மண்ணுலேதான் இருக்கும்' என்றார் பூசாரி.

'இது எங்கள் சாமிதானா என்று நீங்கள் சொல்ல முடியுமா?'

'அதை நான் சொல்லக்கூடாதுங்க. உங்க வீட்டுப் பெரியவங்கதான் சொல்லணும். யாரு சொன்னாங்க?'

'அத்தை.'

'அப்புறம் என்னங்க!' என்று சொல்லிப் பூசாரி மணியை எடுத்தார்.

பொங்கல் பொங்கியது. மஞ்சள் துணியை அவிழ்க்க முயன்றபோது முடிச்சு இறுகி வரவில்லை. பேரன் கத்தியை நீட்டினான். 'வெட்டாதே, அம்மா முடிந்தது' என்றார் பெரியவர். முடிச்சோடேயே உண்டியலில் சேர்த்தார்கள். காலணாக்கள் விழுந்த ஒலி உள்ளே தடதடவென்று கேட்டது. புறப்படும்போது அந்த அம்மாள் குனிந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டார். பெங்களூர் வீட்டில் மாடம் ஏது என்று மகன் கேட்டதற்கு, 'துளசித் தொட்டி இருக்கிறதே' என்றார்.

இறங்குகையில் பலகை எண்கள் எழுபதிலிருந்து குறைந்து வந்தன. முப்பத்தைந்தாம் வளைவில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைத்ததும் பெரியவர் முதலில் ராசிபுரத்துத் தம்பியை அழைத்து, வரும் ஆடியில் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து மலையேறுவது என்று பேசி முடித்தார். அடுத்து அச்சகத்துக்கு. 'எழுதிக்கொள்ளுங்கள்: கொல்லிமலை ஸ்ரீ பெரியசாமி துணை. மலை என்பதற்கு லை சரியாக விழ வேண்டும்.'