மூன்றாம் சிலிண்டரின் மௌனம்

வண்டி விரைந்து ஓடும்போது எஞ்சினின் குறை எளிதில் வெளிப்படுவதில்லை. நின்ற இடத்தில் நின்றபடி இயங்கும்போதுதான் உள்ளே இருப்பது தெரியவரும். கியர் விலகியிருக்க, ஆக்சிலேட்டரில் கால் படாதிருக்க, தன் உறுப்புகளைத் தானே சுழற்றிக்கொள்ள மட்டும் போதுமான எரிபொருளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிலையைப் பட்டறைகளில் ‘ஐடிலிங்’ என்கிறார்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 750 சுற்றுகள் சுற்றுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆக, நொடிக்கு 25 வெடிப்புகள். ஒரு சிலிண்டர் மட்டும் தன் முறை வரும்போது வாளாவிருந்தால், நொடிக்கு ஆறு தடவை ஓர் இடைவெளி விழும். குளிர்காய்ச்சல் கண்ட உடல்போல் வண்டி முழுவதும் நடுங்கும். அதே எஞ்சினை 3000 சுற்றுக்கு உயர்த்தினால், பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் பதினாறு மடங்கு ஆற்றலைத் தன்னுள் தேக்கிக்கொண்டு, உழைக்காத சிலிண்டரின் பங்கையும் சுமந்து சென்றுவிடும். நெடுஞ்சாலையில் மட்டுமே ஓடும் வண்டியில் இந்நோய் பல மாதம் மறைந்தே இருக்கலாம்.

நம் பங்கின் பழைய பிக்கப் வண்டி நெடுஞ்சாலையைக் காண்பது அரிது. முத்தியால்பேட்டையின் குறுந்தெருக்களில் அரிசி மூட்டையும் பள்ளி மேசைகளும் திருவிழாப் பந்தல் கம்பங்களும் சுமப்பதே அதன் அன்றாட வேலை. அதனினும் பெரிய வேலை ஒன்று உண்டு. வசதியுள்ள வீட்டாரின் அடக்கத்திற்குக் கண்ணாடி வைத்த வண்டி வாடகைக்கு வந்து நிற்கும். வசதியற்றவர்களுக்கு இந்தப் பிக்கப்தான். பின்பலகையைத் தாழ்த்தி, வெள்ளைத் துணி விரித்து, சவப்பெட்டியை ஏற்றி, பின்னால் வருவோர் செபமாலை சொல்லிக்கொண்டு நடக்கும் வேகத்திலேயே கல்லறைத் தோட்டம்வரை செல்ல வேண்டும். முதல் கியர், ஆக்சிலேட்டரில் கால் இல்லை, வெறும் ஐடிலிங், அவ்வளவுதான். ஐடிலிங் கெட்ட வண்டி வேறு எந்த வேலைக்கும் உதவலாம், இதற்கு உதவாது.

பஞ்சாலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்ந்த ஒரு பெரியவரின் அடக்கத்தன்று அது நிகழ்ந்தது. மணிக்கூண்டை அடையுமுன் எஞ்சின் மூன்று முறை நின்றுபோயிற்று. மூன்றாம் முறை அவர் மகள் பெட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, “அப்பாவுக்கு எங்கள விட்டுப் போக மனசு வரல சாமி” என்று கதறினார். கூட்டம் முழுவதும் அதை நம்பிற்று. நமக்கு மறுமொழி கிடைக்கவில்லை. அந்நேரத்தில் ஒரு பெண்ணிடம் எஞ்சினைப் பற்றிப் பேச யாரால் இயலும்? இளைஞர்கள் தோள்கொடுத்துக் கல்லறைவரை வண்டியைத் தள்ளிச் சென்றார்கள்.

இந்த எஞ்சினின் குலம் புதுச்சேரிக்காரர்க்குச் சற்று நெருக்கமானது. 1979-இல் மகிந்திரா நிறுவனம் பிரான்சின் பெஜோ நிறுவனத்திடமிருந்து எக்ஸ்.டி.பி. 4.90 என்னும் டீசல் எஞ்சினை இந்தியாவில் உற்பத்தி செய்யும் உரிமையைப் பெற்றது. 2112 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அந்த எஞ்சின் ஜீப்புகளிலும் பிக்கப்புகளிலும் பல்லாண்டு உழைத்தது. நம் வண்டியில் இருப்பதும் அதுவே. பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் முதல் நாள் ஊரை ஒப்படைத்துச் சென்ற பின்னும் அவர்கள் எஞ்சின் நம் தெருக்களில் இருமிக்கொண்டிருக்கிறது! டீசல் எஞ்சினைக் கண்டறிந்த ருடால்ஃப் டீசலும் 1858-இல் பாரிசு நகரில், ஜெர்மானியப் பெற்றோர்க்குப் பிறந்தவர்தான். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுடன் ஓட்டிக் காட்டியவர், 1913-இல் ஆங்கிலக் கால்வாயைக் கப்பலில் கடக்கும் இரவில் காணாமற்போனார்.

அவருடைய எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. காற்றை அழுத்தி அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலை நாசில் வழியே புகைபோல் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய டீசலை அளந்து தள்ளுவது பம்பு. ஐடிலிங்கில் ஒரு வெடிப்புக்குச் செல்லும் டீசல் இரண்டு மூன்று கடுகு அளவுதான். அதில் அரைக் கடுகு கூடினாலும் குறைந்தாலும் எஞ்சினுக்குத் தாங்காது.

ஐடிலிங் திருகைச் சற்றே ஏற்றி வைத்தால் போதும் என்றார் ஓட்டுநர். ஏற்றிப் பார்த்ததில் நடுக்கம் குறைந்தது. ஆனால் கிளட்சை விட்டதும் வண்டி பாய்ந்தது. பின்னால் நடப்பவர்கள் ஓட வேண்டியிருக்கும். பம்பு சரிபார்க்கும் கடை ஒன்றில் காட்டியபோது, வண்டியின் மூடியைக்கூடத் திறக்காமல், பம்பு முழுவதையும் பிரித்துப் புதிய உறுப்புகள் போட வேண்டும் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்ட பங்குப் பேரவையினர், வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று தீர்மானம் எழுதும் நிலைக்கு வந்துவிட்டனர். அடுத்த ஏழை வீட்டின் அடக்கத்திற்கு என்ன செய்வது என்பதற்குத் தீர்மானத்தில் இடமில்லை.

அந்நிலையில்தான் கோட்டக்குப்பத்துப் பாயிடம் சென்றோம். முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே கால்வைத்தால் கோட்டக்குப்பம். மாநில எல்லை நடுவில் இருப்பது பேருந்தில் செல்பவர்க்குத் தெரியாது. பாய்க்கு எழுபதைக் கடந்த வயது. “பேசாம நில்லுங்க ஃபாதர், அது பேசட்டும்” என்றார்.

முதலில் டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்தார். சிறிது நேரத்தில் மேலே டீசலும் கீழே தண்ணீருமாக இரண்டு அடுக்கு பிரிந்து நின்றது. “வெள்ளத்துல ஓட்டுனீங்களா?” என்றார். ஓட்டியது உண்மை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, தாழ்ந்த தெருக்களிலிருந்து முதியோரை ஏற்றி வந்தது இந்த வண்டி.

பிறகு நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை ஒவ்வொரு நாசிலின் மேலும் ஊன்றி, பிடியைக் காதோடு பொருத்திக் கேட்டார். 1816-இல் பாரிசில் லென்னெக் என்ற மருத்துவர் தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டாரே, அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் தொடக்கம். பாய் அதைப் படித்ததில்லை.

அடுத்துச் செய்தது நம்மை வியப்பில் ஆழ்த்தியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் முதல் சிலிண்டருக்குச் செல்லும் பைப்பின் நட்டைச் சற்றே தளர்த்தினார். டீசல் வெளியே கசிந்தது, எஞ்சின் தள்ளாடிற்று. இறுக்கினார், மீண்டது. இரண்டாவதிலும் அவ்வாறே. மூன்றாவதைத் தளர்த்தியபோது ஒன்றுமே நிகழவில்லை. முன்பு எப்படி நடுங்கிற்றோ அப்படியே நடுங்கிக்கொண்டிருந்தது. “இவர்தான்” என்றார். அதாவது, எதை நிறுத்தும்போது எஞ்சின் வருந்துகிறதோ அது நலமாக உள்ளது. எதை நிறுத்தினாலும் வேறுபாடு தெரியவில்லையோ அதுவே நோயாளி. பங்கில் யார் வராவிட்டால் கூச்சல் எழுகிறதோ அவர்களைப் பற்றியே நாம் கவலை கொள்கிறோம். வராமற்போனது எவருக்குமே தெரியாதவர் வீட்டுப் படியேறிப் பல மாதம் ஆகியிருக்கும்.

ஆனால் குறை மூன்றாம் சிலிண்டரில் என்று தெரிந்துவிட்டால் போதாது. டீசலை அனுப்பாத பம்பா, தூவத் தெரியாத நாசிலா? பாய் மூன்றாம் சிலிண்டரின் நாசிலைக் கழற்றி முதல் சிலிண்டரிலும், முதலாவதை மூன்றிலும் மாற்றிப் பொருத்தினார். மறுபடி ஓட்டி நட்டுகளைத் தளர்த்திப் பார்த்தபோது மூன்றாவது உயிர்பெற்றிருந்தது, முதலாவது ஊமையாகியிருந்தது. நோய் நாசிலோடு இடம் மாறிவிட்டது. ஆகவே பம்பு குற்றமற்றது. குருமடத்தில் தருக்கம் பயின்ற நாளில், ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வகுத்த வேறுபாட்டு முறையை ஒரு வாரம் மனப்பாடம் செய்தோம். ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே விடு, விளைவைப் பார். இவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டை எந்த ஆசிரியரும் தந்ததில்லை.

நாசிலைச் சோதனைக் கருவியில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினார்கள். கூம்பாகப் பனிபோல் தூவ வேண்டியது, ஒழுகும் குழாய்போல் சொட்டிற்று. எட்டிப் பார்க்கக் கை நீட்டிய பையனைப் பாய் அதட்டினார். சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோவுக்கும் மேலான அழுத்தத்தில் வரும் அந்தத் தூவல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வலி குறைவாக இருந்தாலும் விரலையே இழக்க நேரும். ஊசியை வெளியே எடுத்தபோது அதன் முனையில் துரு. வெள்ளத்துத் தண்ணீரின் வேலை என்பது பாயின் கணிப்பு. புதிய ஊசியும் செப்பு வாஷரும் போட்டு, செத்துப்போயிருந்த எஞ்சின் மவுண்டிங் ரப்பரையும் மாற்றி, ஏற்றிவைத்த ஐடிலிங் திருகைப் பழைய இடத்திற்கு இறக்கினார். ஆன செலவு, பம்புக் கடையில் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த வித்தைக்கு இனி எவ்வளவு காலம் என்று கேட்டோம். பாய் சிரித்தார். இக்காலத்துக் காமன் ரெயில் எஞ்சினில் அழுத்தம் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் ஆளுக்கே ஆபத்து. எந்தச் சிலிண்டர் உழைக்கவில்லை என்பதைக் கணினியே திரையில் காட்டிவிடும். அவருடைய பேரன் அத்தகைய திரையின் முன்தான் வேலை செய்கிறான். “அவனுக்கு எண் தெரியும் ஃபாதர், எனக்குச் சத்தம் தெரியும். ரெண்டும் சரிதான்” என்றார்.

மாதம் ஒருமுறை ஃபில்டரிலிருந்து தண்ணீரை வடிக்கச் சொல்லி, குப்பியையும் நம் கையில் கொடுத்தனுப்பினார். அது அலுவலக மேசைமேல் இருந்த நாளில், முப்பதாம் நாள் பூசைக்குப் பெயர் கொடுக்க அந்தப் பெரியவரின் மகள் வந்தார். வண்டிக்கு என்ன ஆயிற்று என்று அவரே கேட்டார். குப்பியைக் காட்டி, வெள்ளத்துத் தண்ணீரையும் துருப்பிடித்த ஊசியையும் பற்றிச் சொன்னோம். கவனமாகக் கேட்டுக்கொண்டார், குப்பியை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தார்.

“அது இருக்கட்டும் சாமி. அப்பாவுக்கும் மனசு வரலதான்” என்று சொல்லிவிட்டு, பூசைக்கு எந்த நேரம் என்று கேட்டார்.