பத்து நிமிட எச்சரிக்கை

மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் பெரும்பகுதி, கழுத்தின் இருபுறமும் மேலேறும் இரண்டு தமனிகளின் வழியே செல்கிறது. வயது ஏற ஏற, அவை தாடைக்குக் கீழே கிளை பிரியும் இடத்தில் கொழுப்புப் படிந்து பாதை குறுகக்கூடும். அங்கிருந்து பெயரும் சிறு இரத்தக்கட்டி மூளையில் போய் அடைத்துக்கொண்டால் பக்கவாதம். அது தானே கரைந்துவிட்டால் சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும். நம்மை ஏமாற்றுவதும் அதுதான்.

சென்ற ஆண்டு 72 வயதான என் தமையனாருக்கு அவ்வாறே நேர்ந்தது. மாலையில் விளக்கேற்றும்போது வலக்கையிலிருந்து தீப்பெட்டி நழுவியது, நாவும் குழறியது. பத்து நிமிடத்தில் இரண்டும் மீண்டன. "சரியாகிவிட்டதே, நாளை பார்க்கலாம்" என்றார் அண்ணா. அண்ணி இசையவில்லை. அன்றிரவே மருத்துவமனைக்குச் சென்றோம். ஸ்கேனில் இடப்பக்கத் தமனி 80 விழுக்காடு சுருங்கியிருப்பது தெரிந்தது. தமனியைக் கீறிப் படிவை அகற்றவேண்டும் என்றார் மருத்துவர்.

நன்றாக நடமாடுகிறவரைக் கத்திக்கு உட்படுத்துவதா என்று வீடே கலங்கியது. கலக்கம் நியாயமானதே; அறுவையே சிலருக்குப் பக்கவாதத்தை வரவழைக்கக்கூடும். மருத்துவர் அதை மறைக்கவில்லை. 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வையும் எடுத்துரைத்தார். அறிகுறி தோன்றி, தமனி 70 விழுக்காடோ அதற்கு மேலோ சுருங்கியவர்களில், மருந்து மட்டும் உண்டோருள் 26 விழுக்காட்டினருக்கு ஈராண்டுக்குள் அப்பக்கத்துப் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டோருள் 9 விழுக்காட்டினருக்கே வந்தது. வங்கியில் கடன் விண்ணப்பங்களை எடைபோட்டுப் பழகிய எனக்கு நிலைமை விளங்கியது. ஆபத்தில்லாத வழி எங்கள்முன் இல்லை. சிறிய ஆபத்தைத் தேர்வதே செய்யத்தக்கது. அண்ணாவே சம்மதித்தார்.

கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை நடந்தது. தமனியை அடைத்து வைத்திருந்த வேளையில், அவர் வலக்கையில் ஒரு ரப்பர் பொம்மையைக் கொடுத்து அடிக்கடி அழுத்தச் சொன்னார்களாம். அது கீச்சிட்டவரை மூளைக்கு இரத்தம் போதிய அளவு செல்கிறது என்று பொருள். நான்காம் நாள் வீடு திரும்பினார். இன்றும் மாத்திரைகள் தொடர்கின்றன. விளக்கையும் அவரே ஏற்றுகிறார்.

இச்சிகிச்சை எல்லாருக்கும் உரியதன்று. சுருக்கம் குறைவானவர்களுக்கு மருந்தே வழி. உரியவர்களுக்கோ, அறிகுறி தோன்றிய இரண்டு வாரத்துக்குள் செய்தால் பயன் மிகுதி. ஆகவே அன்பர்களே, முகம் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், ஒரு கண் திடீரென இருண்டாலும், அது வந்த சுவடின்றி மறைந்தாலும், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.