பென்சில் தொழிற்சாலையும் ஒரு பாட்டும்

'பரேட்' இசைநாடகத்தின் முதல் பாட்டில், 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் புறப்படும் இளைஞன் ஒருவன் காதலியிடம் விடைபெறுகிறான். ஊரின் செம்மண் குன்றுகளை எண்ணிப் பாடுகிறான். பாட்டு முடிவதற்குள் ஐம்பது ஆண்டுகள் ஓடிவிடும். ஒரு காலை இழந்த கிழவனாக, 1913 ஏப்ரல் 26 அன்று அட்லாண்டாவில் நடக்கும் போர் நினைவுநாள் ஊர்வலத்தில் அவனே நிற்பான். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இப்படிப் பாடும் கூட்டம்தான் பிறகு ஒரு மனிதனைத் தூக்கில் தொங்கவிடப் போகிறது என்று தெரிந்தும் சிலிர்க்கும். இசையமைத்த ஜேசன் ராபர்ட் பிரவுன் தெரிந்தேதான் தன் அழகான மெட்டுகளில் ஒன்றை அந்தக் கூட்டத்தின் கையில் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பாட்டோடு எப்போதும் ரப்பர் வைத்த பென்சிலின் ஞாபகமும் வந்துவிடும். எங்கள் வகுப்பில் அது வைத்திருந்தவனுக்குத் தனி மரியாதை. பித்தளை வளையத்துக்குள் அந்த ரப்பரைச் செருகியது யார் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அட்லாண்டாவின் நேஷனல் பென்சில் தொழிற்சாலையில் அந்த வேலைக்கான இயந்திரத்தில் நின்றவள் மேரி ஃபேகன். வயது 13. பித்தளைத் தகடு வரத்து இல்லாததால் அந்த வாரம் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. வரவேண்டிய கூலி 1 டாலர் 20 சென்ட். ஊர்வலம் பார்க்கப் போகிற வழியில் அதை வாங்கிக்கொள்ளலாம் என்று உள்ளே போனாள். மறுநாள் விடியுமுன் நிலவறையில் அவள் உடலை இரவுக் காவலாளி கண்டார்.

கூலியைக் கொடுத்தவர் மேலாளர் லியோ ஃபிராங்க். 29 வயது, புரூக்லினில் வளர்ந்த யூதர். குழந்தைகளைக் கூலிக்கு அனுப்பவேண்டி வந்த தெற்கத்தி வெள்ளையரின் ஆற்றாமைக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார். கொலைப்பழி அவர்மேல் விழுந்தது. துப்புரவுத் தொழிலாளி ஜிம் கான்லியின் சாட்சியம்தான் அவரை வீழ்த்தியது. கான்லிக்காக வாதாடிய வழக்கறிஞரே பின்னாளில் தன் கட்சிக்காரர்தான் கொலையாளி என்ற முடிவுக்கு வந்தார்.

நாடகத்தின் நீதிமன்றக் காட்சியை என்னால் எளிதில் கடக்க முடிவதில்லை. தொழிற்சாலைச் சிறுமிகள் வரிசையாக நின்று, சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரே குரலில் ஒப்பிக்கிறார்கள். அதுவரை கைகட்டி உட்கார்ந்திருந்த லியோ எழுந்து, அவர்கள் வர்ணிக்கும் காமுகனாகவே மாறி ஆடிப் பாடுகிறார். ஊரார் மனத்தில் இருந்த ஃபிராங்க் அவர்தான். கண்ணெதிரே பார்த்த பிறகு நாமும் ஒரு கணம் நம்பிவிடுகிறோம். பொய்ச்சாட்சி எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாக மேடையில் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கதை வசனம் எழுதிய ஆல்ஃபிரட் யூரி அட்லாண்டா யூதர். அந்தப் பென்சில் தொழிற்சாலை அவருடைய உறவினருக்குச் சொந்தமானது. ஃபிராங்கின் மனைவி லூசில், யூரியின் பாட்டிக்குத் தோழி. ஆனாலும் அவர் சிறுவனாக இருந்தபோது, வீட்டில் ஃபிராங்க் பேச்சு எழுந்தால் பெரியவர்கள் வாய் திறக்க மாட்டார்களாம். அலான்சோ மான் என்ற அலுவலகப் பையனும் வாய் திறக்கவில்லை. கான்லி மேரியைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தவன் அவன். யாரிடமும் சொல்லாதே என்றாள் தாய். 1982இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு சொன்னார்.

அதற்குள் எல்லாம் முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வழக்குக் கட்டுகளை உட்கார்ந்து படித்த ஆளுநர் ஜான் ஸ்லேட்டன் 1915 ஜூனில் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அவருடைய அரசியல் வாழ்வு அதோடு முடிந்தது. ஆகஸ்டில் மரியெட்டா ஊரின் பெரிய மனிதர்கள் ஆள் திரட்டி, கார்களில் போய், சிறைக்குள் புகுந்து ஃபிராங்கைக் கடத்தினார்கள். இரவெல்லாம் பயணம். 17ஆம் தேதி விடிந்ததும் ஓர் ஓக் மரத்தில் தொங்கவிட்டார்கள். தன் திருமண மோதிரத்தை மனைவியிடம் சேர்க்கும்படி மட்டும் அவர் கேட்டுக்கொண்டார். தொங்கும் உடலின் படம் அஞ்சலட்டையாக விற்றது.

இப்போது அந்த முதல் பாட்டை மறுபடி கேட்கிறேன். மண்ணின் மீது அவ்வளவு பாசம் வைத்தவர்களா இதைச் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அவர்கள்தான் செய்தார்கள். அந்தப் பாசத்தின் பெயரால்தான் செய்தார்கள்.

ஹெரால்ட் பிரின்ஸ் இயக்கி 1998 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறிய இந்த நாடகம் மூன்று மாதம்கூட ஓடவில்லை. கதைக்கும் இசைக்கும் டோனி விருதுகள் வந்தபோது அரங்கு மூடிக் கிடந்தது. 2023 பிப்ரவரியில் பிராட்வேக்குத் திரும்பியபோது, முதல் முன்னோட்டக் காட்சியன்றே நவநாஜிகள் வாசலில் நின்று ஃபிராங்கைத் தூற்றினார்கள். ஜார்ஜியா மாநிலம் 1986இல் ஃபிராங்குக்கு மன்னிப்பு வழங்கியது; அவர் குற்றவாளியா இல்லையா என்ற கேள்வியை அந்த ஆணை தொடவில்லை. அவரைத் தொங்கவிட்டவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.