உரைகல்லும் மின்வாயும்

பொன்னின் மாற்றை அறிய உரைகல்லை நாடுவது தமிழ் பேசும் மக்களிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். வள்ளுவரும் மனிதரின் பெருமை சிறுமைகளை அளக்க அவரவர் செயலையே கட்டளைக்கல்லாகக் காட்டினார். அக்கல் கரியதாகவும் அமிலத்திற் கரையாததாகவும் இருத்தல் வேண்டும். தன் பொருளைக் கீற்றிற் கலக்கும் கல் பொன்னைப் பற்றி உண்மை கூறாது.

பொன்னினும் உருக்கையே நம்பி வாழ்வோர் கல்முனைக் கரையில் உளர். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலுமிருந்து தொழிலுக்குச் செல்லும் இயந்திரப் படகுகளில், விசிறியைச் சுழற்றும் தண்டு உவர்நீரிலேயே கிடக்கின்றது. கறையில் உருக்கில் 304, 316 என்னும் இரு வகைகள் பெருவழக்கின. 316 இல் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் உண்டு. 304 இல் அது சேர்க்கப்படுவதில்லை. கடலுப்பு உருக்கிற் குழி பறிப்பதைத் தடுப்பதில் மொலிப்டினத்தின் பங்கு பெரிது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. காந்தமும் வேறுபாடு காட்டாது. பழைய இரும்போடு வாங்கிய தண்டை வகையறியாது பொருத்தினால், நடுக்கடலில் அது முறியும்போதுதான் உண்மை வெளிப்படக்கூடும்.

இவ்வேறுபாட்டைக் காட்டவல்லது நிறமாலைக் கருவி. ஒவ்வொரு மூலகமும் வெப்பத்தால் ஆவியாகும்போது தனக்கேயுரிய நிறக்கோடுகளை வெளியிடும் என்பதை 1859 அளவில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் பன்சனும் கேர்ச்சோவும் நிறுவினர். மின்வாய்க்கும் சோதிக்கும் உலோகத்துக்குமிடையே மின்வில்லை எழுப்பி, அதன் ஒளியை அரியத்தினூடாக நோக்கினால், மொலிப்டினம் பச்சைப் பகுதியில் 550.6, 553.3, 557.0 நனோமீற்றரில் மூன்று கோடுகளாகத் தோன்றும்.

இத்தகைய கருவியைப் பழையதாக வாங்கிய பட்டறைக்காரர், மின்வாய் தேய்ந்ததும் மாற்றுத் தேடவேண்டியவராகிறார். எளிதிற் கிடைப்பது பற்றரியின் கரிக்கோல். ஆனால் அதன் கரி வளியிலுள்ள நைதரசனோடு சேர்ந்து ஊதாப் புறத்தில் ஒளிப்பட்டைகளை எழுப்பும். ஆகன் வாயுவினுள் பொறியெழுப்பும் பிற்காலக் கருவிகளுக்குத் தங்ஸ்டன் கோல் உரியது. எனினும் ஒட்டுவேலைக்கு விற்கப்படும் செந்நுனித் தங்ஸ்டனில் ஏறத்தாழ 2 வீதம் கதிர்வீசும் தோரியம் ஒட்சைட்டு உண்டு. அதைத் தீட்டும் தூசியைச் சுவாசித்தலாகாது.

மின்வில்லுக்குத் தூய செப்புக்கோல் நல்ல மாற்று. அதுவும் மௌனமாயிராது, 510.6, 515.3, 521.8 ஆகிய இடங்களில் அதன் கோடுகள் எப்போதும் தோன்றும். ஆயினும் அவை மொலிப்டினத்தின் கோடுகளோடு கலவா. இடமறிந்தவருக்கு அவை வழியிற் கிடக்கும் மைல்கற்கள் போல உதவவும் செய்யும். அதே கோலைக்கொண்டு பித்தளையிற் செப்பைத் தேடுவதோ வீண்முயற்சி. அங்கே பேசுவது பித்தளையா, மின்வாயா என்று பிரித்தறிய இயலாது.

பொற்கொல்லர் மாற்றுத் தெரிந்த பொன்னை அருகே உரைத்து ஒப்பிடுவர். பட்டறையிலும் 304 என்றும் 316 என்றும் உறுதியாகத் தெரிந்த இரு துண்டுகளை முதலில் வைத்துப் பார்த்தல் வேண்டும். புதிய மின்வாய் அவற்றைச் சரியாகப் பிரித்துக் காட்டிய பின்னரே படகுத் தண்டின் முறை வரவேண்டும். அச்சிறு பொறுமையில் கடலோடியின் உயிர் அடங்கியிருக்கின்றது.