பதினொரு மிஸ்டு கால்

நான் பி.காம். அதுவும் செகண்ட் கிளாஸ். அலைவரிசை என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், ரேடியோவில் முள்ளை நகர்த்தினால் ஒரு பாட்டு போய் இன்னொரு பாட்டு வரும் என்பதுதான். அப்படிப்பட்டவனை 700, 900, 2300 என்று தூக்கத்தில்கூட முணுமுணுக்க வைத்தது அப்பாவின் நெஞ்சுவலி.

போன வருஷம் ஒரு ராத்திரி. கும்பகோணத்தில் அப்பாவுக்கு ரெண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. அம்மா எனக்கு போன் போட்டிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, பதினொரு தடவை. நான் மடிப்பாக்கத்தில், கிரவுண்ட் ஃப்ளோர் ஃப்ளாட்டின் கடைசி பெட்ரூமில், தலைமாட்டிலேயே போனை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டாயிரம் ரூபாய் போன். 5ஜி. தவணை அப்போது பாதிகூட முடியவில்லை.

காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்தேன். பையில் இருந்த போன் திடீரென்று உயிர் வந்து உறுமியது. வரிசையாக மெசேஜ். பதினொன்றும் அம்மா. கையிலிருந்த பால் பாக்கெட்டை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

அதற்குள் பக்கத்து வீட்டு மாமா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தூங்கிட்டேன்னு சொல்லுடா, ஒத்துக்கறேன். டவர் இல்லேன்னு மட்டும் சொல்லாதே. என் போனுக்கே கிடைக்கறது" என்று தன் பட்டன் போனைக் காட்டினாள். ஆயிரத்து இருநூறு ரூபாய். பின்மூடி கழன்று விழாமலிருக்க நடுவில் ரப்பர் பேண்ட். நம்ம வீட்டுச் சுவரோ ஒன்றரை அடி கனம்.

இந்த அவமானத்தோடு சென்னைக்குத் திரும்பியதும் ஒரு பள்ளித் தோழனைப் பிடித்தேன். டவர் பராமரிக்கிற காண்ட்ராக்டில் இருக்கிறான். தன் போனில் ஏதோ ஒரு ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வாஸ்து பார்க்க வந்தவன் மாதிரி வாசலிலிருந்து பெட்ரூம் வரை நடந்தான். "வாசல்ல 2300 பிரமாதமா இருக்கு. ஹால்ல நொண்டறது. பெட்ரூம்ல காலி" என்றான்.

அப்புறம் ஒரு காபிக்கு ஒரு வகுப்பு எடுத்தான். அலை செகண்டுக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்பதுதான் கணக்காம். மெகாஹெர்ட்ஸ் என்றால் பத்து லட்சம் தடவை. துடிப்பு ஏற ஏற அலையின் நீளம் குறையும். 900 மெகாஹெர்ட்ஸ் அலை 33 சென்டிமீட்டர், முக்கால் முழம். 2300 என்றால் 13 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. 5ஜி-க்குக் கொடுத்த 3300-க்கு மேல் போனால் 9 சென்டிமீட்டர். 26,000-த்தில் ஒரு விரல் அகலம்தான். நீளமான அலை சுவரைத் தாண்டும், முக்கு திரும்பும், கிராமம் கிராமமாக நடக்கும். குட்டை அலை கான்கிரீட்டில் முட்டியே களைத்துவிடும்.

"அப்போ எதுக்குடா குட்டை?"

"இடம் அகலம். 3300-ல ஒரே கம்பெனி நூறு மெகாஹெர்ட்ஸ் வெச்சுக்கலாம். 900-ல பத்து கிடைச்சாலே பாக்கியம். வேகம் வேணும்னா அகலம் வேணும்."

"என் போன் தானாகக் கீழே இறங்கி 900-ஐப் பிடிச்சுக்கக் கூடாதா?"

"உன் கம்பெனி இந்தத் தெருவில தாழ்ந்த பேண்ட் விட்டிருந்தா பிடிச்சிருக்கும். உங்கம்மா போன் இன்னும் பழைய 2ஜி, 900. ராஜபாட்டை!"

1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த சுக்ராமோடு பேசினாரே, இந்தியாவின் முதல் மொபைல் பேச்சு, அதுவும் இந்த 900 ரகத்தில்தானாம். அம்மா நல்ல பரம்பரையில்தான் இருக்கிறாள்.

இங்கேதான் எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டான். 2022 ஏலத்தின் விலைப்பட்டியலைத் தேடிப் பார்த்தேன். நாடு முழுமைக்கும், ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு அரசாங்கம் வைத்த ஆரம்ப விலை: 700-க்கு 3,927 கோடி. 3300 வகையறாவுக்கு 317 கோடி. 26,000-த்துக்கு 6.99 கோடி. ஸார், இயற்பியல் புரியாதவனுக்குக்கூட இது புரியும். அண்ணா சாலை கிரவுண்டுக்கும் அவுட்டர் மனைக்கும் உள்ள வித்தியாசம்! சுவரைத் தாண்டி ஆளிடம் போய்ச் சேருகிற சாமர்த்தியத்துக்குத்தான் இந்த விலை. இதே 700-க்கு 2016-ல் 11,485 கோடி கேட்டார்கள். ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை. 2021-லும் போணியாகவில்லை. 2022-ல்தான் ஒரே ஒரு கம்பெனி வாங்கியது. எனக்கு சிம் விற்ற பையன் ஸ்பீடு எவ்வளவு என்று மூன்று தடவை சொன்னான். சுவரைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக நான் வாங்கிய வேகமெல்லாம் கிரிக்கெட் பார்க்கத்தான் ஆயிற்று.

கடைசியில் தோழன் 'வைஃபை காலிங்' என்ற ஒன்றைத் தட்டிவிட்டான். டவர் இல்லாவிட்டால் வீட்டு வைஃபை வழியாக கால் வருமாம். அதிலும் இரண்டு ஜாதி. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் பெட்ரூம் கதவைச் சாத்தினால் நோஞ்சான். 2.4 கொஞ்சம் மெதுவு, ஆனால் உள்ளே வரும். 2.4-க்கே மாற்றிவிட்டுப் போனான். இதற்கு ஏலம் கிடையாது. லைசென்ஸ் வேண்டாம் என்று 2005-லேயே திறந்துவிட்டார்கள். ஓசி என்பதால் கூட்டம். வயரில்லாத ஸ்பீக்கர், மவுஸ், பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அங்கேதான். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் 2.45.

இது தெரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அப்பா தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறார். மாத்திரை போட்டாயிற்று என்று சொல்ல என்று பெயர். நான் எடுக்கிறேனா என்று சோதிக்கத்தான், எனக்குத் தெரியும். சரியாக அந்த நேரம்தான் என் மனைவி சாம்பாரைச் சூடு பண்ணுவாள்.

"ஹலோ... நடக்கச் சொல்லி டாக்... கர்ர்... ரெண்டு வேளை..."

"கொஞ்சம் அதை நிறுத்தேன்!"

"இன்னும் நாப்பது செகண்டு. சாம்பார் உள்ள பச்சைத் தண்ணியா இருக்கு."

"அப்பா பேசறார்!"

அடுப்பு 'டிங்' என்றது.

"இப்போ கேக்கறதாடா?" என்றார் அப்பா.